முப்பத்தோராம் படம்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
12-10-1936

அன்புள்ள அண்ணன் அப்துல் கய்யூம் அவர்களுக்குத் தங்கை ஷாகிரா ஸலாம் சொல்லி எழுதுவது. ரங்கூனில் அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன்.

முதலில் எனக்குத் தெரிந்தது வாசனைதான். அத்தா தைத்து முடித்த ரவிக்கை ஒன்றைக் கொக்கி வைக்க எடுத்தேன். துணியில் சிகரெட் வாசம் அடித்தது. நம் வீட்டில் யாரும் புகை பிடிப்பதில்லையே என்று நினைத்து, பேசாமல் வெயிலில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் சித்திரக்குளத்து மாமி கடைக்கே வந்து, "ஏன் பாய், ரவிக்கை தைச்சேளா, சாம்பிராணி போட்டேளா?" என்று கேட்டுவிட்டாராம். அத்தா தலையை நிமிர்த்தாமல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாராம்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சிகரெட் பெட்டிக்குள் வரும் கிரிக்கெட்காரர் படங்களை நீங்கள் சேர்த்தீர்களே, நினைவிருக்கிறதா? சேப்பாக்கம் மைதானத்து வாசலில் மற்றவர்கள் எறிந்துவிட்டுப் போனதைப் பொறுக்கி வருவீர்கள். பிள்ளை குப்பை பொறுக்குகிறான் என்று அத்தா சத்தம் போடுவார். ஐம்பதில் முப்பத்தோராம் எண் மட்டும் கிடைக்கவே இல்லை. அது யாருடைய படம் என்றுகூட நமக்குத் தெரியாது. அதைத் தேடித்தான் அத்தா பெட்டி பெட்டியாக வாங்கினார். படத்தை எடுத்துக்கொண்டு சிகரெட்டை எறிந்தால் வீண்செலவு, அது கூடாது என்று பிடித்தும் தீர்த்தார். இத்தனை வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார். முதல் சிகரெட்டுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியதாம்.

"காசு குடுத்து இருமல வாங்கிக்கினு வர்றாரு, கூட ஒரு பொம்மை இனாம்" என்று அம்மா சொல்லும்போது நாங்கள் சிரித்தோம். போகப் போகச் சிரிக்க முடியவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மெஷினைப் பிடித்துக்கொண்டு இருமினார். புகையை விடாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தாவோ, அடுத்த பெட்டியில் வந்துவிடும் என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு நின்ற பிறகு நான் வேற்று மனிதரிடம் பேசியதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அத்தா தொழுகைக்குப் போயிருந்தபோது, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு லஸ் முனை வெற்றிலைபாக்குக் கடைக்குப் போனேன். ஆட்கள் நகரும் வரையில் வாழைத்தாருக்குப் பின்னால் நின்றேன். மற்றவர்கள் போட்டுவிட்டுப் போகும் படங்களை எடுத்து வைக்க முடியுமா, எங்கள் அத்தா பெட்டி வாங்காமல் இருக்கட்டும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைக்காரர் பாண்டுரங்கன் குனிந்து பார்த்து, "இன்னாம்மா, டைலர் பாய் பொண்ணா நீ? கிரிக்கெட்டு படம்லாம் நின்னுபோச்சும்மா. இப்ப வர்றதெல்லாம் கிளியும் குருவியும்தான். மூலையில கெடந்த பழைய பெட்டியெல்லாம் பாயே தேடி எடுத்துக்கினு போய்ட்டாரு. இனிமே வராதுன்னு சொல்ல எனுக்கு மனசு வர்ல" என்றார்.

பயந்துகொண்டேதான் அத்தாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தெரியும்மா. கிளி வர்றது எனக்குத் தெரியாதா? நிறுத்திட்டேன்னா, அவன் வந்து கேக்கறப்ப என்னத்தச் சொல்றது?" என்றார்.

அண்ணா, நீங்கள் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்துக்கு வராமல் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்த அதே அத்தாதான் இப்படிச் சொன்னார்.

ஒரு அட்டைக்காக இவ்வளவு பாடு தேவையா என்று அம்மா கேட்கிறார். மழையில் நனைந்தால் கூழாகிவிடும் அட்டைதான். ஆனால் இருக்கிற படங்களையெல்லாம் பாயில் வரிசையாகப் பரப்பி, நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அதற்கு மேல் தேட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிகரெட் மட்டும் வேண்டாம் என்றேன். ரங்கூன் கடைகளில் பழைய பெட்டிகள் இருக்கும், அண்ணன் தேடட்டும் என்றேன். சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு தொடவில்லை. இருமலும் குறைந்து வருகிறது. நேற்று வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே துணி வெட்டினார்.

"அட்டை மடங்காம தபால்ல அனுப்பச் சொல்லி எழுது" என்றார். அப்படியே எழுதிப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவர் போனதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தபாலில் அனுப்பாதீர்கள், அண்ணா. கிடைத்தால் கையோடு கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள். நீங்கள் ஏறும் கப்பலுக்கு அல்லாஹ் நல்ல காற்றைக் கொடுப்பானாக.

உங்கள் தங்கை,
ஷாகிரா

பின்குறிப்பு: இதை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. தபால் பெட்டிக்கு நானே போகிறேன்.