மறைப்புக்குப் பின்னால் விழுந்த பகடை

மார்ச் 3, செவ்வாய்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் பேய்க்கதைப் புத்தகம் 'மூழ்கிய மணிக்கூண்டு' இன்று வெளிவந்துவிட்டது. ஆறு வருடக் காத்திருப்பு. சோதிக்க இறங்கிய லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு கைபேசியில் பார்த்தேன். மேற்பார்வையாளர் மேலிருந்து கத்தினார்: "அங்க பிரேக் இருக்கா, சினிமா ஓடுதா?"

ரசிகர் மன்றத்தில் ஒரே கொண்டாட்டம். புத்தகத்தை வாங்கியவனெல்லாம் அட்டையைப் படம் பிடித்துப் போட்டு "சனிக்கிழமை எங்க மேசைல" என்று எழுதுகிறான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்: "ஆட்டச் சோதனை அறிக்கை: ஸ்பேனர்." அச்சுக்கு முன் ஆடிப் பார்த்து எண்களைக் குறித்தது நான்தான். அச்சில் என் பட்டப்பெயரைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

எழுதியவரை நாங்கள் தாடி என்போம், அக்காவோடு கல்லூரியில் படித்தவர். இந்த மூன்றாம் பாகத்துக்காக வேலையையே விட்டார். இது ஓடினால்தான் நான்காவது என்று பதிப்பகம் சொல்லியிருக்கிறது.

மார்ச் 7, சனி

இன்று எல்லோரும் ஆடியிருப்பார்கள். நாளை தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

தெரிந்தது.

"மூணாவது அறையிலேயே மொத்தக் கூட்டமும் காலி."

"மணிக்கூண்டுன்னு வாங்கினேன், மயானம் குடுத்திருக்கான்."

"என் பொண்டாட்டிய முதல்முறையா ஆட உக்கார வச்சேன். அரை மணி நேரத்துல செத்துட்டா. நேத்துலேர்ந்து என்கூடப் பேசல."

என்ன உளறல் இது? அதே மூன்றாவது அறையில் அதே மணியடிக்கும் பேயை நாங்கள் ஒரு கீறலோடு தாண்டினோம். ஒருமுறை அல்ல, சோதனை ஆட்டம் ஒவ்வொன்றிலும். அக்கா கதை சொன்னாள்: எந்த அறை, எதிரே என்ன என்று விவரித்து, பேய்களையும் அவள்தான் ஆடினாள். நானும் பல் டாக்டரும் அவர் மச்சானும் வீரர்கள். எங்கள் இருபது முகப் பகடையை மேசைமேல் உருட்டினோம். பேய்களுக்கான பகடையைக் கதைசொல்லி அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டி, விழுந்த எண்ணைச் சொல்லவேண்டும். அதுதான் வழக்கம். எண்கள் என் அறிக்கையில் இருக்கின்றன.

மன்றத்தில் எழுதினேன்: "ஆடத் தெரியாதவன் மேசை கோணல் என்றானாம். சோதித்தவன் சொல்கிறேன், புத்தகத்தில் பிழை இல்லை. பிழை உங்கள் மண்டையில்."

கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

ஒருவன் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறான். அந்தப் பேயின் அடியும் வீரர்களின் உயிர்ப் புள்ளிகளும் புத்தகத்தில் உள்ளபடி. நூறு கூட்டம் உள்ளே போனால் நான்கு வெளியே வரும். சாப்பாட்டு வேளையில் நானும் போட்டுப் பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் போட்டேன். தப்பு இல்லை.

அப்படியானால் நாங்கள் எப்படிப் பிழைத்தோம்? அதுவும் ஒவ்வொரு முறையும்?

பல் டாக்டரைக் கேட்டேன். "நம்ம திறமைதான், வேற என்ன?" என்றார். இவர் எப்படித்தான் பல் பிடுங்குகிறாரோ.

மார்ச் 14, சனி

அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்க எனக்கு வராது. நேரே கேட்டேன்.

"அந்த மணியடிக்கிறவனுக்கு நிஜமா என்ன விழுந்துச்சு?"

"எப்போ?"

"எப்பவும்."

ஒரு தலையணை உறையை உதறினாள். "விழுந்தது ஒண்ணு. நான் சொன்னது ஒண்ணு."

"அது சோதனை, அக்கா. சோதனைலயுமா?"

"பழைய ஆட்டத்துல ஒருதடவ செத்ததுக்கே நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு பாதில எந்திரிச்சுப் போன. டாக்டர் ஒரு மாசம் தலையே காட்டல. எனக்கு மேசைல ஆள் இருக்கணும்ல? கதை சொல்றவங்க பாதிப் பேர் பண்றதுதான்டா இது."

லிஃப்ட்டின் பிரேக்கைச் சோதிக்கும்போது, விழுந்துவிடக் கூடாதே என்று ஒருவன் கீழே ஒளிந்துகொண்டு கூண்டைத் தாங்கிப் பிடித்தால் — அன்பாம்! — நான் "பிரேக் நன்று" என்று கையெழுத்துப் போட்டு ஆளை ஏற்றி அனுப்பினால்? அதைத்தான் செய்திருக்கிறோம்.

"தாடிகிட்ட நானே சொல்றேன். ரெண்டு நாள் குடு" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

பதிப்பகம் நான்காம் பாகத்தை நிறுத்திவிட்டது. மன்றத்தில் தாடியைத் திருடன் என்கிறார்கள். சோதனையே நடக்கவில்லையாம், என் அறிக்கை கட்டுக்கதையாம்.

இரண்டு நாள் எதற்கு? உண்மைக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டுமா?

எழுதிவிட்டேன். சோதனை நடந்தது, கதை சொன்ன என் அக்கா பகடையை மாற்றிச் சொன்னாள், எழுதியவர்மேல் குற்றமில்லை. மூன்றே வரி.

மார்ச் 16, திங்கள்

தாடியை விட்டுவிட்டார்கள். அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கிருந்தோ அவள் படத்தை எடுத்துவிட்டான் ஒருவன். வேலை செய்யும் மருந்துக்கடையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொருவன் கடைக்குப் போன் போட்டு, "மாத்திரையாவது எண்ணித்தான் குடுக்குறீங்களா, அதுவும் வாய்க்கு வந்த நம்பர்தானா?" என்று கேட்டிருக்கிறான். முதலாளி ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாராம். கடை முழுக்கக் கேட்டிருக்கிறது.

மன்றத்தில் போய் வேண்டாம் என்று எழுதினேன். "ஆரம்பிச்சு வச்சவனே நீதானேடா" என்றான் ஒருவன்.

அக்கா திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். திட்டவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தாடி கூப்பிட்டார்.

"நன்றி சொல்லணும்னுதான் போன் பண்ணேன். வாய் வரல."

"உங்களக் காப்பாத்தத்தான்—"

"தெரியும்டா. என்கிட்ட முதல்ல சொல்லிருந்தா, என் தப்புன்னு எழுதிட்டு ஒரு பக்கத்த மாத்திருப்பேன். முடிஞ்சுபோயிருக்கும்."

"அது பொய்யாச்சே."

"ஆமா, பொய்தான்" என்றார். "வச்சிடறேன்."

ஏப்ரல் 4, சனி

திருத்திய பக்கம் வந்துவிட்டது. பேயின் பலம் பாதி. இப்போது மன்றத்தில் என்ன கூச்சல் தெரியுமா?

"பல்லப் பிடுங்கிட்டாங்க."

"பழைய பக்கத்துல செத்தவன்தான் உண்மையான ஆட்டக்காரன்."

மயானம் என்று எழுதிய அதே ஆள், இப்போது தான் எட்டு முறை செத்ததைப் பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிகிறான். இவன்களுக்கா நான் உண்மை சொன்னேன்? என் புத்தியை...

புத்தகம் விற்கிறதாம். நான்காம் பாகத்துக்குப் பச்சைக்கொடி.

ஏப்ரல் 11, சனி

அக்கா இனிச் சனிக்கிழமைகளில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். நாங்கள் ஆடிய மேசையில் துணி மலைபோலக் கிடக்கிறது. என்னோடு பேசுகிறாள். "தண்ணி மோட்டார் போட்டாச்சா" "கேஸ் வந்துச்சா" என்ற அளவில்.

மன்னிப்புக் கேட்டேன். "நீ பொய்யா சொன்ன? இல்லல்ல. அப்புறம் எதுக்குக் கேக்குற?" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நான்காம் பாகத்தின் கையெழுத்துப்படி வந்தது. சோதனை பல் டாக்டரின் மருத்துவமனையில். மச்சான்தான் கதை சொல்வாராம். மறைப்பு கிடையாது, எல்லாப் பகடையும் மேசைமேல். அதை நான்தான் சொன்னேன்.

மே 2, சனி

நோயாளிகள் உட்காரும் கூடத்தில் ஆடினோம். மச்சான் பக்கத்தைப் பார்த்து எண்ணைப் படித்தார், உருட்டினார், நான் குறித்துக்கொண்டேன். எந்தக் குழப்பமும் இல்லை. இரண்டாவது அறையில் எல்லோரும் செத்தோம். தாடி அறிக்கையைப் பார்த்து, "சரியா இருக்கு, இதான் வேணும்" என்றார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரமே கலைந்துவிட்டோம்.

வீட்டில் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானாகச் சொல்லவில்லை, அவள்தான் கேட்டாள்.

"என்னாச்சு ஆட்டம்?"

"ரெண்டாவது அறைல எல்லாரும் காலி."

"நீ எப்படிச் செத்த?"

"பதினாலு வேணும். ஆறு விழுந்துச்சு."

"அது பகடைடா. நீ எப்படிச் செத்த?"

யோசித்துப் பார்த்தேன். இருட்டான அறையா, வெளிச்சமா? எதிரே நின்றது ஆளா, பேயா? வாளா, விஷமா? மச்சான் சொல்லவில்லை. நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை.

"தெரியல" என்றேன்.

அக்கா குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.