கண்ணை மட்டும் விட்டுவிட்டு

ஜூலை 3
வேலைக்கு நடுவில் பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்து மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. எனக்குக் கேட்பதும் ஒரு காதில்தான். குட்டி பக்கத்துப் பெண்ணின் உள்ளங்கையில் பென்சிலைக் குத்திவிட்டாளாம். முனை உள்ளேயே முறிந்துவிட்டதாம்.

நான் போவதற்குள் அந்தப் பெண்ணின் அம்மா குட்டியை அறைந்திருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் தெரிந்தது. "கொலைகாரன் பெத்தது வேற எப்படி இருக்கும்?" என்றாள். என் தங்கச்சியை அடித்துக் கொன்றவன் பெற்றதுதானே.

தலைமை ஆசிரியை, "இன்னொரு தடவை யார் மேலயாவது கை வெச்சா டிசி கொடுத்துடுவேம்மா" என்றார். ஒரு வருஷத்தில் இது இரண்டாவது பள்ளிக்கூடம். நடந்து போகிற தூரத்தில் இதைவிட்டால் வேறு இல்லை. நாலாம் வகுப்போடு இவள் படிப்பும் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து கரண்டிக் காம்பால் அடித்தேன். "யாரையும் அடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். அழவில்லை. நான் ஓய்ந்ததும், "முடிஞ்சுதா பெரியம்மா?" என்றாள்.

ஜூலை 4
வலது கையைத் தூக்க முடியவில்லை. அடித்த கைக்கே இந்த வலி.

ஜூலை 9
பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒரு நாள் மனநல மேடம் ஒருவர் வருகிறார். எதற்கெடுத்தாலும் "சொல்லும்மா" என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் சொல்லும்மா மேடம். என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"அன்னைக்கு குட்டி எங்க இருந்தா?"

கட்டிலுக்கு அடியில் என்றேன். அவள் அப்பன் தச்சு வேலைக்காரன், சுத்தியல் வீட்டிலேயே இருந்தது. கதவை உடைத்துப் போனவர்கள் அவளை வெளியே இழுத்தபோது மூன்று பேரைக் கடித்துவிட்டாள்.

"அவ கோபத்துல அடிக்கலம்மா. அடி வந்துடும்னு முந்திக்கறா."

"வந்துடும்னு யாரு சொன்னாங்களாம்?"

"அதை அவதான் சொல்லணும்."

ஜூலை 10
துணி மடிக்கும்போது கூட வேலை செய்கிறவள், "அப்பன் ரத்தம் எங்க போகும்?" என்றாள். ஈர விரிப்பை முறுக்கி அவள் மூஞ்சியிலேயே ஒன்று விட்டேன். உதடு கிழிந்துவிட்டது. நாளை ஒரு நாள் வேலைக்கு வராதே என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

தங்கச்சியைக் கிடத்திய விரிப்பும் அன்று என் தொட்டிக்குத்தான் வந்தது. சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் பிடித்துக்கொள்ளும் என்று பச்சைத் தண்ணீரில் அலசினேன். அப்போதும் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். பாவி.

ஜூலை 11
காலையில் தலை வாரும்போது கேட்டேன். "யாருடி உன்னை அடிக்கப் போறாங்க?"

"டீச்சர்."

"அடிச்சாங்களா?"

"இன்னும் இல்ல."

"பின்னே?"

"நீதானே சொன்னே. சேர்க்க வந்த அன்னைக்கு. கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்னு."

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. "அது சும்மா சொல்றதுடி. எல்லாரும் சொல்றது."

"அப்பாவும் அம்மாகிட்ட தினம் சொல்லுவாரு, தோலை உரிச்சிடுவேன்னு. கண்ணைக்கூட விடல."

அதற்கு மேல் சடை பின்ன வரவில்லை எனக்கு.

எல்லாரும் சொல்வதுதான். எங்கள் அப்பாவும் வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார் கேட்டுக்கொண்டார். நாலாம் வகுப்பில் ஒரே அறை, இடது காதில் ரத்தம், அதோடு படிப்பு போச்சு. அதே வார்த்தையை நானே இவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் — என்ன பொம்பளடி நீ? டீச்சருக்கு மரியாதைன்னு நெனச்சுல்ல சொன்னேன்.

ஜூலை 14
வகுப்பு வாசலில் நின்று டீச்சரைக் கூப்பிட்டேன். சேர்க்கும்போது சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு ஞாபகமே இல்லை.

"எல்லா அம்மாவும் சொல்றதுதானேம்மா. நாங்க அதைக் காதுலயே போட்டுக்க மாட்டோம்."

"எங்க பொண்ணு போட்டுக்கிட்டா டீச்சர்."

அவர் முகம் மாறியது. என்னை உள்ளே வரச் சொன்னார். நாற்பது பிள்ளைகள். குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "இவளை யாரும் அடிக்கக் கூடாது. டீச்சரும் கூடாது, நானும் கூடாது" என்றேன். பின்வரிசை ஒன்று களுக்கென்று சிரித்தது. டீச்சர், "நான் அடிக்க மாட்டேன்" என்று குட்டியைப் பார்த்தே சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குட்டியிடம் திட்டு. "மானத்தை வாங்கிட்டே பெரியம்மா."

ஜூலை 22
மறுபடி போன். ஓடினேன். கையில் பென்சில் குத்துப்பட்ட அந்தப் பெண் பின்னாலிருந்து சடையை இழுத்திருக்கிறாள். குட்டி திரும்பி அவள் கழுத்தைப் பிடித்துவிட்டாள். என்ன தோன்றியதோ, விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடி, கதவைக் குத்து குத்தென்று குத்தியிருக்கிறாள். விரல் முட்டியில் தோலே இல்லை.

தலைமை ஆசிரியை டிசி புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டார். டீச்சர்தான் குறுக்கே நின்றார். "பிடிச்ச கையை அவளே எடுத்தா மேடம். யாரும் இழுத்து விடல. நான் பார்த்தேன்."

ஒரு மாதம் பார்க்கலாம் என்று தலைமை ஆசிரியை புத்தகத்தை மூடினார்.

ஆகஸ்ட் 5
பாலைக் கொட்டிவிட்டாள். கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனாலும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். வெளியே வரும்வரை நானும் தரையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

ஆகஸ்ட் 22
டிசி இல்லை.

ஆகஸ்ட் 28
குட்டியின் சீருடையை, சட்டைப் பையைப் பார்க்காமல் நனைத்துவிட்டேன். உள்ளே டிக்டேஷன் தாள் இருந்திருக்கிறது. பத்துக்கு ஏழு மார்க்காம். என்னிடம் காட்ட வைத்திருந்தாளாம். கூழாகிவிட்டது.

"துவைக்கிறதுதானே உன் வேலை? பையைப் பார்க்கத் தெரியாதா? உனக்கு அறிவே இல்லையா பெரியம்மா?"

"யாரைப் பார்த்து அறிவில்லங்கறே, கழுதை!"

நடு வீட்டில் நின்று கத்தினாள். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தவள் உடைந்து அழுதுவிட்டாள். அவள் அம்மா போய் இத்தனை நாளில் இன்றுதான் அழுகிறாள். தரையை ஓங்கி மிதித்தாள், ஒரு சாமான்கூட உடையவில்லை, யார் மேலும் கை படவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, இத்தனூண்டுக்கு இவ்வளவு வாயா?"

"ஆமாக்கா, வாய்தான்" என்றேன்.

இப்போது குட்டி எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இன்னும் முறைப்பு தீரவில்லை.