சாண்டா மரியாவில் வலப்பக்கம் திரும்பாதே

ட்ரமின்,
செப்டம்பர் 14, 2004

என் அன்பு மகள் ரோஸ்விதாவுக்கு, உன் சித்தப்பா விகில் எழுதுவது. நானும் உன் சித்தி ஃபிலொமேனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் குட்டிப்பயல் பென்னும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் திராட்சை அறுப்பு. இந்த வருடக் காய் ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு என்று எழுதியிருந்தேன், பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கும் உன் சித்தி புறா முட்டை என்று திருத்தச் சொல்கிறாள், அதுவும் கொஞ்சம் கூடத்தான். போன வாரம் ஆலங்கட்டி மழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டுப் போனது, எங்கள் சரிவில் ஒரு கட்டிகூட விழவில்லை, அதை நான் பார்வையாலேயே விரட்டினேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் மகளே, இந்தக் கடிதத்தில் அந்த மாதிரிப் பேச்சு வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். உன் குரல் கேட்டால் என் வாய் தானாகப் பெருமை பேச ஆரம்பித்துவிடும், அதனால்தான் காகிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. அடுப்படிச் சுவரில் ஐரோப்பா வரைபடம், அதன் மேல் அக்டோபரில் நீங்கள் காரில் இங்கே வரப்போகிற வழிக்கு மாப்பிள்ளை சிவப்புப் பேனாவால் போட்ட கோடு, கோல்மாரில் தொடங்கி பாசல், சூரிச் தாண்டி, க்ளோஸ்டர்ஸில் காரை ரயிலில் ஏற்றி மலைக்கு அடியில் கடந்து, ஓஃபென் கணவாய் ஏறி இறங்கி சாண்டா மரியா ஊர். இது வரைக்கும் சரி. அங்கிருந்து அந்தக் கோடு வலப்பக்கம் திரும்பி ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறுகிறது பார், இப்போது அதைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தத் திருப்பத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான். நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு, நாற்பது தடவை ஓட்டியிருக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஓட்டுவேன் என்று எழுதினேன். மூன்று வாரம் முன்னால் போனில் மாப்பிள்ளை, “மாமா, நான் மலையில ஓட்டினதே இல்ல, என்னால முடியுமா?” என்று கேட்டபோது, “அட போப்பா, ஆடுகூட ஓட்டிடும்” என்று சொல்லிச் சிரித்தேன். இதையெல்லாம் இப்போது வாபஸ் வாங்குகிறேன். ஏன் என்று கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்து ஹார்ட்மனைக் கூட்டிக்கொண்டு அவன் காரிலேயே அந்த ரோட்டைப் பார்த்து வரலாம் என்று போனேன். நீங்கள் வருவதற்குள் எங்கே நிறுத்திச் சாப்பிடலாம், எங்கே பென்னுக்கு மலை காட்டலாம் என்று குறித்து வைக்கத்தான். நம் பக்கத்திலிருந்து ஏறும்போது ஹார்ட்மன் ஓட்டினான். உச்சியில் ஒரு காப்பி குடித்துவிட்டு, இறங்குவது எப்படி என்று உனக்குக் காட்டுகிறேன் வா என்று சாவியை நான் வாங்கிக்கொண்டேன். மகளே, நம் தோட்டத்தில் சின்ன டிராக்டரைச் சரிவில் எப்படி இறக்குவோம் என்று உனக்குத் தெரியும். நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி உருட்டிக்கொண்டே வருவோம், டீசல் மிச்சம். ஐம்பது வருடப் பழக்கம், கால் அதைத்தான் செய்தது. வளைவுக்கு ஒரு கல் நட்டு நம்பர் போட்டிருக்கிறார்கள். பத்தாவது கல் வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். இருபதில் ஏதோ கருகுகிற வாசனை. பின்னால் வருகிற வண்டியாக இருக்கும் என்றேன். பின்னால் வண்டியே இல்லை. இருபத்தேழில் பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகிறது, கார் நிற்கவில்லை. அடுத்த வளைவைத் திரும்பினால் ரோடு முழுக்க மாடு.

கோடை முடிந்து மேய்ச்சலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது ஒரு மந்தை. முப்பது மாடு இருக்கும். முன்னூறு என்று எழுதக் கை வருகிறது, முப்பதுதான். ஒரு மாட்டின் தலையிலும் பூ இல்லை, கண்ணாடிக் கிரீடம் இல்லை, ரிப்பன் இல்லை. மேய்ச்சல் முடிந்து இறங்குகிற மாட்டுக்கு இதெல்லாம் கட்டித்தான் கூட்டி வருவார்கள். ஹார்ட்மன் கத்திக்கொண்டே கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தான், நான் காரைப் பாறைப்பக்கம் ஒடித்தேன். அவன் பக்கத்துக் கதவு பாறையில் தேய்ந்து தேய்ந்து, கடைசி மாட்டுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. அந்த மாடு திரும்பி என்னைப் பார்த்தது பார், இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

மந்தையை ஓட்டி வந்த பொம்பளை தடியை ஊன்றிக்கொண்டு வந்து மூக்கைச் சுளித்தாள். “யோவ் பெரியவரே, கீழ்நாட்டு ஒயின்காரரா? டிராக்டர் மாதிரி உருட்டிக்கிட்டு வந்தீரா? வருசத்துக்கு ரெண்டு பேர் இப்படித்தான் கருகின வாசனையோட வந்து சேர்றீங்க” என்றாள். நான் பேச்சை மாற்ற, ஏன் மாட்டுக்குப் பூ கட்டவில்லை என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன். “கிடாரி ஒண்ணு ஆகஸ்டுல பாறையிலேர்ந்து உருண்டு போச்சு. மேல ஒரு உசுரு போயிட்டா அந்த வருசம் எந்த மாட்டுக்கும் பூ கிடையாது, தெரியாதா உமக்கு?” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் திரும்பி, “அடுத்த வருசமாவது பூ கட்ட விடும்யா” என்றாள். சக்கரம் ஆறட்டும் என்று ரோட்டோரம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது ஹார்ட்மன் கேட்டான். “நாப்பது தடவை ஓட்டினேன்னியே விகிலு, எதை ஓட்டின? கதையையா?”

வீட்டுக்கு வந்து இதைச் சிரிப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். உன் சித்தி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “என்னங்க, அந்தப் பொண்ணு உங்க பேச்சை நம்பி புள்ளையோட வர்றா” என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் கோடுதான். மாப்பிள்ளை ஆயுசு முழுக்க இடப்பக்கம் ஓட்டினவர். ஒரு வளைவில் பதறினால் கை பழைய பக்கத்துக்குத்தான் போகும், என் கால் போகவில்லையா? எதிரே ஒரு பஸ் வந்தால்? பின்சீட்டில் பென் வாந்தி எடுத்து நீ திரும்பிப் பார்க்கும்போது அவரும் திரும்பினால்?

ஹார்ட்மன் கேட்டதற்கு அவனிடம் பதில் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்தக் கணவாயை நான் ஒரு தடவைகூட ஓட்டினதில்லை. போன ஞாயிறுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன், உன் அப்பாவின் பாலாடைக்கட்டி லாரியில் பக்கத்து சீட்டில். நாற்பது தடவை ஓட்டினவர் அவர். பனிக்குள் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினது, எருமை மாதிரி ஒரு ராணுவ லாரியைப் பின்னால் போக வைத்தது, சுங்கக்காரன் தொப்பி காற்றில் பறந்ததைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தது, நான் செய்ததாகச் சொன்ன எல்லாம் அவர். நான் அன்றைக்கு என் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு வழிப்போக்கரைக் காக்கும் புனித கிறிஸ்டோஃபரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது கியரில் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார். “ஏறின கியர்லயே இறங்கணும்டா விகிலு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடணும், மேல ஏறி உக்காரக் கூடாது” என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முப்பத்து மூன்று வருடம் கழித்து, தேவைப்பட்ட அன்றைக்கு, ஞாபகம் வரவில்லை.

உன் ஒன்பதாவது வயதில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அந்தக் குளிர்காலம் நீ தூங்க மாட்டாய், கதை கேட்பாய். அப்பா லாரி ஓட்டினார் என்று தொடங்கினால் அழுதாய். அதனால் ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். நான் ஓட்டினேன் என்று சொன்னால் சிரித்தாய். அப்புறம் நீ பெரியவளாகியும் அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, நன்றாகத்தான் இருந்தது, கடையில், கோயிலில், உன் கல்யாணத்தில்கூட. இப்போது கொடுத்துவிட்டேன். உன் மகனிடம் சொல்லும்போது தாத்தா ஓட்டினார் என்று சொல்.

இனி புத்தி. கோல்மாரில் புது ஒயின் வந்திருக்கும், பழச்சாறு போல இனிக்கும், வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு வாய்கூட வேண்டாம், தலைக்கு ஏறுவது தெரியாது. பாட்டிலில் வாங்கி மூடி இறுக்கிக் காரில் வைக்காதே, அது இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும், மலை ஏறினால் வெடிக்கும். ஸ்விட்சர்லாந்துக்குள் நுழையுமுன் கண்ணாடியில் ஒட்டும் சாலைச் சீட்டை வாங்கி ஒட்டிவிடுங்கள். மலையில் மஞ்சள் தபால் பஸ் வந்தால் ஒதுங்கி நின்று அவன் சொல்கிறபடி கேளுங்கள். ஓஃபென் கணவாயிலும் இறக்கம் உண்டு, சின்ன கியர், அப்பா சொன்ன மாதிரி. சாண்டா மரியாவில் நேரே. நேரே போனால் நம் நாட்டு எல்லை, பிறகு க்ளுர்ன்ஸ் ஊர், பிறகு ரோடு மெத்தை மாதிரி ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே வீடு வரை. மாப்பிள்ளைக்கு ஏமாற்றமாக இருக்கும். கோழை என்று என்னைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மூன்று பேருக்கும் வழியெல்லாம் துணையிருக்கும்படி கடவுளை வேண்டி ஆசீர்வதிக்கிறேன். சித்தி பென்னுக்குக் கம்பளிச் சட்டை பின்னி முடித்துவிட்டாள், கை நீளம். இதைப் படித்ததும் போன் செய்து, நேரே வருகிறோம் என்று சித்தியிடம் சொல், என்னிடம் கொடுக்க வேண்டாம், நான் ஏதாவது சொல்லிவிடுவேன். ஒருவேளை மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். அக்டோபர் பத்தாம் தேதி விடிந்ததும் பஸ் ஏறி, மூன்று பஸ் மாறி, சாண்டா மரியாவுக்கு வந்துவிடுவேன். நீங்கள் ஊருக்குள் நுழையும்போது வலப்பக்க ரோட்டின் நடுவில் தோட்டத்து நீல ஏப்ரன் கட்டின ஒரு கிழவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான். ஹாரன் அடித்தால் நகர மாட்டான். பின்சீட்டில் பென் பக்கத்தில் அவனுக்கு ஓர் இடம் வைத்திரு.

உன் சித்தப்பா,
விகில்