கலங்கிய நான்காவது குடுவை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் உங்கள் மகள் செல்லமும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் உபசாரம், இனி நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

நம் அறிவியல் பாடப்புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. பதிப்பாசிரியர் என்ற உரிமையில், உயிரின் தோற்றம் பற்றி நான் எழுதிய பாடத்தை நீ கண்டபடி வெட்டியிருக்கிறாய். அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் பானையில் போட்டு வைத்தால் எலி பிறக்கும் என்று ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பியதைக் காணோம். சேற்றிலிருந்து தவளை தானாக வரும் என்றவர்களையும் காணோம். இடம் போதவில்லை என்பாய், போகட்டும்.

என் பரிசோதனையில் கை வைத்திருக்கிறாயே, அதை எப்படிப் பொறுப்பது? உயிரில்லாததிலிருந்து உயிர் தானாக வருகிறதா என்று பார்க்க, என் பள்ளி ஆய்வகத்தில் நான்கு குடுவைகளைக் கொதிக்க வைத்து, பஞ்சால் அடைத்தேன். மூன்றில் இறைச்சி சூப். அவை நுண்ணுயிர் எதுவும் வளராமல் தெளிவாகவே இருந்தன. நான்காவதில் காய்ந்த புல் ஊறிய தண்ணீர். அது கலங்கிவிட்டது. அதை அப்படியே எழுதி, காரணமும் எழுதியிருந்தேன். நீயோ நான்கும் தெளிவாக இருந்ததை நான் பார்த்ததாகப் போட்டிருக்கிறாய். உடனே மாற்று.

ஆத்திரத்துடன்,
உன் தங்கை

மார்ச் 11

அன்புப் பட்டாசுக்கு,

உன் கடிதத்தை அண்ணி உரக்கப் படித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பதிமூன்று வயதுப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம் இது. மூன்று தெளிவு, ஒன்று கலங்கல் என்றால் எது சரி என்று குழம்புவார்கள். உயிர் தானாகவே வரும் போலிருக்கிறதே என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். பாடத்தின் முடிவு சரியாகத்தானே இருக்கிறது? ஒரு குடுவைக்காக ஏன் மல்லுக்கு நிற்கிறாய்? அச்சகத்துக்குப் போய்விட்டது. உன் பெயரை முதலில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா

மார்ச் 16

அண்ணா,

குழம்பட்டுமே. அதற்குத்தானே பள்ளிக்கூடம்? பெரிய பெரிய ஆய்வாளர்களே இந்தப் புல் தண்ணீரிடம் மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தெளிவாக இருந்தது, இன்னொருவருக்குக் கலங்கியது. உனக்குச் செய்யத் தெரியவில்லை என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். கொதிக்கிற நீருக்கும் அசையாத நுண்ணுயிர் வித்துகள் காய்ந்த புல்லில் ஒட்டியிருப்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு முறை கொதிக்க வைத்தால் அவை போகாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் கொதிக்க வைக்க வேண்டும். கலங்கியதை ஒளித்து வைத்திருந்தால் இதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

உடைந்ததையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம். என் பாடத்தையும் தள்ளிவிட்டாய். பெயரை எடுத்துவிடு.

தங்கை

ஆகஸ்ட் 20

அன்புப் பட்டாசுக்கு,

ஐந்து மாதமாகப் பேச்சே இல்லை. புத்தகம் வெளியாகிவிட்டது. உன் பெயரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுக்காததும் நல்லதாகப் போயிற்று, கேள்.

செல்லம் உன் பரிசோதனையைத்தான் பள்ளிக்காகச் செய்தாள். சமையலறை ஜன்னலோரம் நான்கு குடுவை வைத்து, பத்து நாள் பார்த்து எழுதிக் கொடுத்தாள். நான்கும் தெளிவு. வகுப்பிலேயே அவளுக்கு மட்டும்தான் முழு மதிப்பெண். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் புல் தண்ணீர் கலங்கிவிட்டதாம். சுத்தமாகச் செய்யவில்லை என்று ஆசிரியர் திட்டி, மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார். அத்தையின் கை இவளுக்கு வாய்த்திருக்கிறது என்று அண்ணிக்கு ஒரே பெருமை. இனியாவது கோபத்தை விடு.

அண்ணா

ஆகஸ்ட் 24

அண்ணா,

எத்தனை முறை கொதிக்க வைத்தாள் என்று அவளைக் கேள். நீ அச்சடித்தபடி ஒரு முறைதான் என்றால், அந்தத் தண்ணீர் பத்து நாள் தெளிவாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கண்ணால் கண்டதைச் சொன்ன அத்தனை பிள்ளைகளும் திட்டு வாங்கியிருக்கிறார்கள். அதை எனக்குச் சந்தோஷச் செய்தியாக எழுதுகிறாய்.

அவளைத் திட்டாதே. கேட்டால் போதும்.

தங்கை

செப்டம்பர் 2

தங்கைக்கு,

கேட்டேன். ஒரு முறைதான் கொதிக்க வைத்தாளாம். மூன்றாம் நாளே கலங்கிவிட்டதாம். யாருக்கும் தெரியாமல் அதைக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரில் நிறத்துக்காகத் துளி டீ கலந்து ஊற்றி வைத்திருக்கிறாள். தினமும் அந்த ஜன்னலருகே நின்றுதான் நான் காபி குடித்தேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்திவிட்டேன். அவள் பயப்படவில்லை.

"நாலும் தெளிவா இருந்துச்சுன்னு அத்தை எழுதியிருக்காங்கப்பா. அத்தை பொய் சொல்ல மாட்டாங்கல்ல? அப்போ நான்தான் தப்பா செஞ்சிருக்கேன்னு நினைச்சேன்."

அவள் உன் பேச்சைக் கேட்பாள். ஒரு நாள் வந்து அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லேன்.

அண்ணா

செப்டம்பர் 6

அண்ணா,

நான் வர மாட்டேன். நான்கும் தெளிவு என்று எழுதியது அத்தை இல்லை, அப்பாதான் என்று நீயே அவளிடம் சொல். சொன்ன பிறகு எழுது, அன்றைக்கே கிளம்பி வருகிறேன்.

தங்கை