கூண்டா, பெட்டியா

மார்ச் 4

சேனலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எங்கள் தொடரின் ரசிகர் வினாடி வினாவுக்கு எங்கள் வீடு தேர்வாகிவிட்டதாம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும். நானும் நாத்தனாரும் என்றுதான் எழுதிப் போட்டிருந்தேன். கல்லூரி விடுதியில் தொடங்கி, பிரசவத்துக்கு முந்தைய வாரம் வரை விடாமல் பார்த்த தொடர். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.

பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. பல் முளைப்பதாக இருக்கும். இருக்கும்தானே?

மார்ச் 6

கைக்குழந்தையை ஸ்டுடியோவுக்குள் விட மாட்டார்களாம். ஒரு பகல்தானே, நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று இவரிடம் கேட்டேன். "மாமியார் மருமக சண்டையில பட்டம் வாங்கப் போறியா?" போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அத்தையிடம் கேட்டேன். "என் இடுப்பு இருக்கிற இருப்புல புள்ளையத் தூக்கிட்டு நடக்க முடியுமாம்மா?" மகளோடு ஸ்டுடியோவுக்குப் போக மட்டும் அந்த இடுப்பு சம்மதித்துவிட்டது. நான் வீட்டில். ஒரு கேள்விக்கு மட்டும் போனில் உதவலாம்.

மார்ச் 11

நாத்தனாருக்குப் பாடம். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே கேட்டாள். "அண்ணி, இதுல யார் யாரு செத்துட்டுத் திரும்பி வந்தாங்க? அத மட்டும் சொல்லுங்க, மிச்சத்த அடிச்சு விட்டுக்கிறேன்." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பதில்கள் அவள் வாயிலிருந்து வரப்போகின்றன. பரவாயில்லை, வரட்டும்.

மார்ச் 15

இன்று பதிவு.

கடைசிக் கேள்விக்குக் கூப்பிட்டார்கள். பாப்பா என் இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். மூத்த மருமகள் முதன்முதலாக அந்த வீட்டுக்குள் நுழையும்போது அவள் கையில் இருந்தது என்ன?

இதுவா கேள்வி? கிளி இல்லாத கிளிக்கூண்டு. "கூண்டு. நிச்சயமா கூண்டு" என்றேன்.

பெட்டி என்றார் நடத்துகிறவர்.

தெரியும், எனக்குத் தெரியும். நடுவில் நடிகை மாறினாள். தொடரை இணையத்தில் ஏற்றும்போது முதல் காட்சியைப் புதியவளை வைத்துத் திரும்ப எடுத்து ஒட்டிவிட்டார்கள். அவள் கையில்தான் பெட்டி. அந்த ஒட்டுக் காட்சியைப் பார்ப்பதே இல்லை என்று எங்கள் ரசிகர் குழுவில் சபதம். எங்களுக்கு முதல் என்றால் பழையவள்தான். கேக்கிறது சேனல்காரன்னு ஒரு நொடி யோசிச்சிருக்கலாம்ல? யோசிக்கலையே.

மார்ச் 16

"எல்லாம் தலைகீழாத் தெரியும்னியேம்மா" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார். நாத்தனார் சாப்பிடவில்லை. ஜெயித்திருந்தால் அந்த வீட்டு செட்டில், எல்லா நடிகர்களோடும் ஒரு நாள். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள நினைத்திருந்தேன். நான் என்ன, அவள்தானே போயிருப்பாள்.

மார்ச் 24

ஒளிபரப்பானது. முடிவில் பெயர்கள் ஓடின. கேள்விகளைத் தயாரித்தவர் — எங்கள் குழுவின் அட்மின் அக்கா. அந்தச் சபதத்தை எழுதியதே அவர்தான்.

போன் செய்தேன். "நீங்களே சொல்லுங்கக்கா, அவ கையில என்ன?"

"கூண்டுதான்டி. கூண்டுன்னுதான் எழுதிக் குடுத்தேன். இருக்கிற வீடியோல பெட்டிதானே இருக்கு, மாத்துங்கன்னாங்க. மாத்திட்டேன்."

"அத குழுவுல சொல்லுங்கக்கா."

"சொன்னா அடுத்த தடவை என்னைக் கூப்பிடுவாங்களா? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

போதாது.

மார்ச் 25

குழுவில் நானே எழுதினேன். அழித்துவிட்டார்கள். என் குரலை மட்டும் வெட்டி யாரோ சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். நிச்சயமா கூண்டு, நிச்சயமா கூண்டு. பின்னால் பாப்பா அழுவதும் கேட்கிறது. அதற்கும் சேர்த்துச் சிரிக்கிறார்கள். அவ உங்கள என்ன பண்ணா?

ஏப்ரல் 2

பல் வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. இருந்தாலும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 19

இவருடைய ஆபீஸ் நண்பர் மனைவியோடு வந்திருந்தார். டீ கொண்டு போனேன். "இவதான்ப்பா அந்தக் கூண்டு" என்றார் இவர். "ஏய், நீயே சொல்லு. மூத்தவ கையில என்ன வச்சிருந்தா?"

நண்பர் சிரிப்பதற்கு வசதியாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பெட்டி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.