கடலில் இல்லாத படகுக்குத்தான் இன்ஷூரன்ஸ்

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

காலையிலிருந்து ரேடியோவில் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வங்கக் கடலில் புயல், சென்னையை நோக்கி வருகிறது, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். உன் வீட்டில் யாரும் ரேடியோவை நிறுத்தவும் இல்லை, உட்கார்ந்து கேட்கவும் இல்லை. பத்மா அண்ணி அடுப்படியில் ஒரே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். நான் வாசல் கேட்டை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் அட்டையை வைத்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ராஜகீழ்ப்பாக்கத்தை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. நாம் நெல் போட்ட இடமெல்லாம் மாடி வீடு. பஸ் ஸ்டாப்பில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. நீ விற்ற நிலத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நிலத்தை விற்றவர்களெல்லாம் அன்றைக்கு என்ன செய்தார்கள்? லாரி வாங்கினார்கள், போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டார்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை போட்டார்கள். நீ மட்டும் படகு வாங்கினாய். நம் வம்சத்தில் ஒருத்தரும் முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. உனக்கு நீச்சலும் தெரியாது. நம் தெருவுக்கு மீன் கொண்டுவந்து விற்ற அம்மாளின் புருஷன் ஏழுமலை, பனையூர் குப்பத்தில் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். "படகு உன்னுது, ஒயப்பு என்னுது, வர்றதுல பாதிப் பாதி அண்ணாத்தே" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். நீ ஃபைபர் படகும் இன்ஜினும் வாங்கி அவர் முன்னால் நிறுத்திவிட்டாய். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. நானும்தான் பேசினேன்.

படகு வாங்கிய மறுவாரமே உனக்குத் தூக்கம் போய்விட்டது. நிலம் என்றால் வெள்ளம் வந்தாலும் வடிந்த பிறகு அங்கேயே கிடக்கும். இது அப்படி இல்லை என்பது அப்போதுதான் உனக்கு உறைத்தது. நம் மொத்தச் சொத்தும் மணலில் ஒரு கயிற்றை நம்பிக் கிடந்தது. ஒரு புயல் அடித்தால் அண்ணிக்கும் குழந்தை முரளிக்கும் ஒன்றும் மிஞ்சாது. "சரோ, எப்படியாவது இதுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுடணும்" என்று தாம்பரத்தில் என் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து நின்றாய். இங்கிலீஷ் தெரிந்த தங்கை இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் உனக்கு ஞாபகம் வந்தது.

எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினோம்! தாம்பரத்தில் ஒருவர், படகுக்கு ஆர்.சி. புக் உண்டா என்று கேட்டார். பாரிமுனையில் ஒரு பெரிய ஆபீஸில் கண்ணாடி போட்ட அதிகாரி, "ஹார்பர்ல நிக்குதா, ஓப்பன் பீச்சா?" என்றார். பீச்தான் என்றாய். "அப்போ கஷ்டம். ஐப்பசி கார்த்திகையில அந்தப் பக்கம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார். "அது தெரிஞ்சுதானே சார் வந்திருக்கோம்" என்றாய் நீ. அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கு வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் கேட்ட பிரீமியத்தைக் கட்டப் படகையே விற்க வேண்டியிருக்கும். மற்றொரு இடத்தில் மலிவாகத் தருகிறேன் என்றார்கள், ஆனால் புயல் தவிர. "புயல் தவிர வேற எதுக்கு சார் நான் பயப்படறேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாய்.

போன இடத்திலெல்லாம் ஏஜெண்டுகள் கடைசியில் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "படகை விடுங்க சார், உங்க பேர்ல ஒரு லைஃப் போட்டுக்குங்களேன்." நீயும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாய். "எனக்கு எதுக்குங்க? நானா கடலுக்குப் போறேன்?"

கடைசியில் தாம்பரத்து ஏஜெண்ட் ஒருவர்தான் வழி சொன்னார். படகு கடலிலோ கரையிலோ இருந்தால் முடியாது, நம் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நின்றால் வீட்டுச் சாமானோடு சேர்த்துத் தீ, திருட்டு, புயல் எல்லாவற்றுக்கும் குறைந்த செலவில் போட்டுத் தரலாம் என்றார். கடலில் இல்லாத படகுக்குத்தான் இன்ஷூரன்ஸ் என்று சொல்லிச் சொல்லி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீ முடிவு செய்துவிட்டாய். உழவு முடிந்தால் மாட்டை வீட்டுக்கு ஓட்டிவந்து கட்டிப் பழகியவன் நீ. உனக்கு அதில் தப்பே தெரியவில்லை.

அப்படித்தான் ஒவ்வோர் ஐப்பசியிலும் கடல் படகு நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு மாணிக்கத்தின் டிராக்டரில் டிரெய்லர் மாட்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் படகை ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் சிவப்புத் துணி கட்டி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகக் கொண்டுவருவீர்கள். கரண்ட் கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்களில் படகுக்குள் நின்றுகொண்டு, காய்ந்த மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிடுவது உன் வேலை. தேர் வரும்போது செய்வார்களே, அதே மாதிரி. தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவரும். பெருமை உன் முகத்தில் வழியும்.

ஏழுமலை தலையில் அடித்துக்கொள்வார். "இன்னா அண்ணாத்தே, மாடு கணக்கா வூட்டுக்கு ஓட்டிகினு போறே? ஊரே சிரிக்குது." மழை இல்லாத நாளில் மற்றவர்கள் கடலுக்குப் போய் வஞ்சிரம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நம் படகில் அண்ணி துணி காயப்போட்டிருப்பாள். பொங்கல் கழிந்த பிறகுதான் படகு கடலுக்குத் திரும்பும். ஒரு வருஷம் ஏழுமலை பொறுக்க மாட்டாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "நீ கட்டி வெச்சுக்கினா சரி. என் புள்ளைங்க இன்னாத்த துன்றது? நல்ல சீசன்ல தொயிலு இல்லாம குந்திகினு கீறோம்." அவர் போன பிறகு உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருஷம்தான் அந்தப் புது ஏஜெண்ட் கிடைத்தார். கரையில் நிற்கும் படகுக்கே போடலாம், பிரீமியமும் நம்மால் கட்ட முடிகிற அளவுதான். ஒரே நிபந்தனை, சர்வேயர் வந்து படகைக் கரையில் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறார் என்றார்கள், அதுவரை படகை நகர்த்த வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? ஏழுமலைக்கு ஆள் விட்டுச் சொன்னாய், இந்த வருஷம் படகு வீட்டுக்கு வராது என்று. வெள்ளி போய் அடுத்த வெள்ளியும் போனது. ஐப்பசி பிறந்துவிட்டது. படகு கரையிலேயே காத்திருந்தது, சர்வேயர் வரவில்லை.

அதற்குள் புயல் அறிவிப்பு வந்துவிட்டது. நீ ஏஜெண்டுக்கு போன் போட்டாய். "ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்திட்டா புதுசா எதுவும் எடுக்க மாட்டாங்க சார், புயல் போனதும் பார்க்கலாம்" என்றார். நீ போனை வைத்தாய். மாணிக்கத்தைக் கூப்பிட்டுக்கொண்டு டிராக்டரில் கிளம்பினாய். தூறல் அப்போதே ஆரம்பித்துவிட்டது. மழையில் நீ படகைக் கொண்டுவந்தது அந்த ஒரு முறைதான்.

அண்ணா, இதைத்தான் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

டிராக்டர் சத்தம் கேட்டு நானும் அண்ணியும் வாசலுக்கு ஓடிவந்தோம். சாயங்காலம்தான், ஆனால் மழை இருட்டு. மாணிக்கம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினான். நீ படகுக்குள் ஓரமாகச் சாய்ந்து கிடந்தாய், கழி உன் மேலே குறுக்காகக் கிடந்தது. அலைந்த களைப்பில் தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "நல்லாத் தூங்குறே, இறங்கி வா, டீ ஆறுது" என்று கீழே நின்று கத்தினேன். நீ அசையவில்லை. "இவனுக்கு எல்லாம் விளையாட்டு" என்று திட்டினேன். இரண்டாம் முறையும் திட்டினேன். மாணிக்கம்தான் சக்கரத்தில் கால் வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "அக்கா" என்றான். தலையிலிருந்த சாக்கை எடுத்து உன்மேல் போர்த்தினான்.

மேடவாக்கம் தாண்டி ஒரு கம்பியைத் தூக்கிவிட்டு நிமிரும்போது இன்னொன்று உன் தோளில் பட்டிருக்க வேண்டும் என்று மின்வாரிய ஆள் சொன்னார். கழி நனைந்திருந்தது, நீயும் நனைந்திருந்தாய். மழைச் சத்தத்தில் மாணிக்கத்துக்கு எதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து வீடுவரைக்கும் நீ அப்படியே வந்திருக்கிறாய், சிவப்புத் துணி பின்னால் ஆட, தெருவில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க. நான் கத்தியபோது உனக்குக் கொஞ்சமாவது காது கேட்டதா? கேட்டிருந்தால் கடைசியாகக் கேட்டது என் திட்டுதானா? இந்த வயதிலும் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. டீ ஆறுது என்று இந்த வீட்டில் இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

படகில் ஒரு கீறல்கூட இல்லை. கடலுக்குப் போகாதவனுக்கு எதற்கு என்று நீ தள்ளிவிட்ட பாலிசி இருந்திருந்தால் அண்ணி அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டாள். அதை ஞாபகப்படுத்தி உன்னோடு சண்டை போட எனக்கு எத்தனையோ நாள் ஆசை. யாரோடு போடுவது?

மாணிக்கம் டிராக்டரை விற்றுவிட்டான். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறான், ஆடிக்கொரு தரம் வந்து அண்ணியைப் பார்த்துவிட்டுப் போவான். ஏழுமலைதான் படகை வைத்து இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். உன் பாதியை ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. முரளி படித்தது, அண்ணி தலை நிமிர்ந்து இருப்பது, எல்லாம் அந்தப் படகில் வந்ததுதான். அதற்குப் பிறகு அது வீட்டுக்கு வந்ததில்லை. புயல் என்றால் ஏழுமலை பனைமரங்கள்வரை இழுத்துக் கட்டிவிடுவார், இதுவரை தப்பித்துவிட்டது.

இன்ஷூரன்ஸுக்கு நான் இன்னும் அலைகிறேன் என்றால் நம்புவாயா? போன மாதம்கூடப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பையன், "பேங்க் லோன்ல வாங்கின படகா மேடம்? அதுக்கு ஸ்கீம் இருக்கு" என்றான். நிலத்தை விற்றுச் சொந்தப் பணத்தில் வாங்கியது என்றேன். "அப்போ கஷ்டம் மேடம்." குரல்கூட அந்தப் பாரிமுனை அதிகாரியின் குரல் மாதிரியே இருந்தது. அடுத்து லைஃப் பாலிசி பற்றித்தான் கேட்கப்போகிறான் என்று தெரிந்து, கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நான் ஏன் கேட்டருகில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்கிறேன். உன் மகன் உன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். காலையில் ரேடியோவைக் கேட்டதும் சிநேகிதனின் லாரிக்குச் சொல்லிவிட்டான், படகை இங்கே கொண்டுவர. இந்த முறை காற்று பனைமரத்தையே சாய்க்கும் என்கிறான். கையில் ரப்பர் கிளவுஸ். எங்கே, எப்போது வாங்கி வைத்தான் என்று எங்களுக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் நாற்காலியை எடுத்துவந்து இங்கே போட்டேன்.

"அத்தை, வழி விடுங்க. இன்னும் மழை சரியாப் பிடிக்கல."

"ஏழுமலை காலையிலயே போன் பண்ணிட்டாரு. கட்டிப் போட்டிருக்காராம். படகு போனா போவட்டும், பையன அனுப்பாதம்மான்னு சொன்னாரு."

"அவருக்கு வயசாயிடுச்சு அத்தை. தனியா என்ன பண்ணுவாரு? அந்தப் படகும் போச்சுன்னா அம்மாவுக்கு என்ன இருக்கு?"

"நீ இருக்கேடா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை உன்னுடையது அண்ணா, போனை வைத்துவிட்டு நின்றாயே, அதே பார்வை. லாரி வந்து தெருவில் ஹார்ன் அடித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை ஹார்ன் அடித்தபோது முரளி படியில் உட்கார்ந்து கிளவுஸைக் கழற்றினான். லாரி போய்விட்டது. அவன் அழுதான், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இப்போது மழை வலுத்துவிட்டது, தாள் நனைகிறது. படகுக்கு இந்த வருஷமும் காப்பீடு கிடைக்கவில்லை அண்ணா. விடிவதற்குள் கடல் அதை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். நீ விற்ற நிலமும் நீ அலைந்த அலைச்சலும் அதோடு போகும், எனக்குத் தெரியும். ஏழுமலைக்கும் நமக்கும் சோற்றுக்கு வேறு வழி நான் பார்க்கிறேன், டைப் அடித்தாவது பார்க்கிறேன். உன் பிள்ளையை மட்டும் அனுப்ப மாட்டேன். காற்று ஓயும்வரை இந்த வாசலை விட்டு நகர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
முரளியின் அத்தை,
சரோஜா