முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு ஜெபம்

ஜூன் 12, 2024 – புதன்

இன்று என்ஜினை இறக்கியாயிற்று. மேலப்பாளையத்தில் சுல்தான் பாயின் லேத் பட்டறையில் என் கார் பல் பிடுங்கின வாயோடு நிற்கிறது. இனி இரண்டு மாதம் பஸ்தான். சாத்தான்குளத்தில் வீடு, பாளையங்கோட்டையில் இன்சூரன்ஸ் ஆபீஸ், போக வர இந்தக் கார்தான். ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து அழகு பார்க்கிற வண்டி இல்லை இது. மனைவி டெபோராவுக்குச் சந்தை, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, எல்லாம் இதில்தான்.

பாய் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "பேசாம ஒரு டர்போவ மாட்டிட்டுப் போவும்வே. எதுக்கு இந்தப் பாடு?" எனக்கு வேண்டாம். ஊதிவிட்டால் பலூன்கூடத்தான் பெருக்கும். காற்றைத் திணிக்காமல், தானாக இழுக்கிற மூச்சிலேயே ஒரு ஒன்றரை லிட்டர் என்ஜின் எவ்வளவு சக்தி தரும் என்று பார்க்க வேண்டும். காலேஜ் நாளிலிருந்து இருக்கிற கிறுக்கு. நாற்பத்திரண்டு வயதில் முற்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அப்பாவின் கேள்வி: "நல்லா ஓடுத வண்டிய எதுக்குலே பிரிச்ச?" இந்த ஐந்து வார்த்தைக்கு நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார். சபையில் உபதேசியாராக இருந்து பிரசங்கம் செய்த காலத்தில் மைக் இல்லாமல் தெருக்கோடி வரை கேட்ட குரல். நான் கை கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 28 – வெள்ளி

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். டெபோரா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 20 – சனி

கோயம்புத்தூரில் அரைக்கக் கொடுத்திருந்த கேம்ஷாஃப்ட் வந்துவிட்டது. வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு. இதன் மேடுகள் பழையதைவிட உயரம். வால்வு இன்னும் அகலமாகத் திறக்கும், என்ஜின் இன்னும் ஆழமாக மூச்சு இழுக்கும். பாய் காற்றுப் போகிற வழிகளைக் கையாலேயே தேய்த்து அகலப்படுத்தியிருக்கிறார். விரலை விட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. பிஸ்டனும் புதிது. எனக்குக் குழந்தை பிறக்கப் போகிற சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அரைத்துக் கொடுத்தவர் போனில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "முதல் ஸ்டார்ட் பண்ணுனதும் இருபது நிமிசம் ஐடிலிங்ல மட்டும் விட்டுறாதீங்க. ஆக்சிலேட்டர புடிச்சே வெச்சிருங்க. மெதுவா ஓடுனா மேட்டுக்கு ஆயில் ஏறாதுங்க. அன்னிக்குத் தேய ஆரம்பிச்சுதுன்னா அப்புறம் நிக்கவே நிக்காதுங்க."

அது எனக்கே தெரியும்.

ஆகஸ்ட் 15 – வியாழன்

என்ஜின் உயிர் பெற்றுவிட்டது. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள்.

அப்பாவையும் டெபோராவையும் பட்டறைக்கு அழைத்திருந்தேன். எங்கள் வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் ஜெபம் செய்யாமல் ஓட்ட மாட்டோம். "முதல்ல ஜெபம் பண்ணிருங்கப்பா, பெறவு ஸ்டார்ட் பண்ணுதேன்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைக்கு ஞானஸ்நானம் பொறந்த பெறவாலே, பொறக்கதுக்கு முந்தியா? உயிர் வரட்டும். அதுக்கு மேல கை வச்சு ஜெபிக்கேன்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தேன், தகரக் கூரை அதிர்ந்தது. அப்பா ஒரு கையைப் பானெட்டில் வைத்து, இன்னொரு கையை உயர்த்தி, சத்தத்தைக் குறை என்று காட்டினார். காலை எடுத்தேன்.

சின்ன ஜெபம் என்றுதான் நினைத்தேன். படைப்பில் ஆரம்பித்தார். இரும்புக்கு ஸ்தோத்திரம், அதை உருக்கிய நெருப்புக்கு ஸ்தோத்திரம், சுல்தான் பாயின் கைகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் தாத்தாவின் மாட்டு வண்டி வந்தது, செத்துப்போன அம்மா வந்தாள். மூச்சு நின்று நின்று வந்தது, ஆனால் அவர் நிறுத்தவில்லை. நடுவில் ஒருமுறை பைய மிதித்துப் பார்த்தேன். டெபோரா கண்ணைத் திறந்து முறைத்தாள். எதிரே பாய் கைகட்டி நின்றபடி, கட்டைவிரலைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினார். மிதி, மிதி.

மிதித்திருக்கலாம். அந்தக் குரலை எப்படி அமுக்குவது? ஆமென் சொன்ன பிறகு ஒரு கீர்த்தனையும் பாடினார்கள். அந்த இருபது நிமிடமும் ஐடிலிங்கிலேயே போயிற்று.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

ஆராதனை முடிந்து உடன்குடி ரோட்டில் ஓட்டினேன். பனைமரங்கள் வேலி மாதிரி ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தன. மீட்டர் ஊசி மேலே ஏற ஏற என்ஜின் கத்துகிற கத்தல்! எனக்கு அழுகை வந்தது, நிஜமாக. ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இப்படி இழுக்குமா?

செப்டம்பர் 4 – புதன்

காலையில் கேட் திறக்க இறங்கினபோது ஒரு சத்தம். டிக், டிக், டிக். சூடானதும் போய்விட்டது. இவ்வளவு பெரிய மேடு வைத்த கேம் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும்.

செப்டம்பர் 15 – ஞாயிறு

சூடான பிறகும் கேட்கிறது.

கோயில் வாசலில் அப்பா எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தார். "எம்மவன் கையால செஞ்ச என்ஜின். நான் கை வச்சு ஜெபிச்சிருக்கேன். அந்த வண்டி வழியில நிக்காது." பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். நான் சாவியைத் தேடுகிறவன் மாதிரி பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28 – சனி

ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போனேன். வடித்த ஆயிலை பாய் வெயிலில் சாய்த்துக் காட்டினார். உள்ளே ஜரிகைத் தூள் கலந்த மாதிரி மின்னியது. இரும்பு. தேய்கிறது, தேய்ந்த பொடி என்ஜின் முழுக்கச் சுற்றுகிறது.

"வண்டிய இங்கனயே போட்டுட்டு பஸ்ஸுல போவும்வே. பிரிச்சிருவோம். இந்தப் பொடி பேரிங்குக்குள்ள போச்சுன்னா ஒருநாள் சொல்லாம கொள்ளாம இறுகிரும்."

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "உள்ளதச் சொல்லும். உபதேசியார் சிரிச்சிட்டு விட்டுருவாரு."

சிரிப்பாரா? எண்பது வயதில் அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஜெபம் ஒன்றுதான். உங்க ஜெபம்தான் என்ஜினைத் தின்னுட்டுப்பா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமா? கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

அப்பாவுக்காகத்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுபடி பஸ்ஸில் நிற்கவும் எனக்கு மனமில்லை. இரண்டும்தான்.

அக்டோபர் 5 – சனி

அப்பாவுக்கு இழுப்பு அதிகம். வராந்தாவில் அவர் மூச்சு, வாசலில் வண்டியின் டிக் டிக். டெபோரா கேட்டாள்: "ஏங்க, அந்தச் சத்தம் முன்னால இல்லையே?" அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அக்டோபர் 20 – ஞாயிறு

இரண்டு வாரமாக எழுதவில்லை. எழுதாவிட்டால் நடக்காமல் போய்விடுமா?

போன வாரம் சனிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, குலசை அம்மன் கோயில் தசராவின் கடைசி நாள், ரோடெல்லாம் வேஷம் கட்டிப் போகிறவர்கள். சாப்பிட்ட பிறகு அப்பாவுக்கு இழுப்பு கூடியது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை, உதடு கறுத்தது. எதிர்வீட்டு மாரிராஜ் தன் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தான். "மாரிராஜ் அண்ணன் கார்ல ஏத்துவோங்க" என்று டெபோரா ஓடினாள். அவன் ஈரக் கையோடு கதவைத் திறந்துகொண்டு நின்றான். திறந்துகொண்டு நின்றான்!

அப்பா என் கையைப் பிடித்தார். "நம்ம வண்டிலே... நான் ஜெபிச்ச வண்டி... நிக்காது."

ஒரே ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்பா, இதுல கோளாறு இருக்கு.' நாக்கு வரைக்கும் வந்துச்சு. சொல்லலையே. பாளையங்கோட்டை வரைக்கும் தாங்கிரும்னு நெனச்சேன், வேகமா போயிரலாம்னு நெனச்சேன். யாருட்டயும் இல்லாத என்ஜின் எங்கிட்ட இருக்கு பாத்தியா!

மூலைக்கரைப்பட்டி நெருங்கும்போது டிக் டிக் போய் தட்டல் வந்தது. சுத்தியலால் அடிக்கிற மாதிரி. பிறகு வண்டி ஒரு இழுப்பு இழுத்தது, அவ்வளவுதான். நின்றுவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப ஒன்றும் அசையவில்லை. உள்ளே இறுகிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

அப்பா முன்சீட்டில் இருந்தார். டாஷ்போர்டில் கையை வைத்தார். உதடு அசைந்தது. அந்த என்ஜினுக்காக ஜெபித்தார். எனக்குத் தாங்கவில்லை, "வேண்டாம்பா, பேசாதீங்கப்பா" என்று கத்தினேன். அவர் நிறுத்தவில்லை. இருந்த மூச்சையெல்லாம் அதற்கே கொடுத்தார்.

எதிரே குலசைக்குப் போகிற ஒரு வேன் நின்றது. காளி வேஷம் கட்டியிருந்த ஒருவர் இறங்கி வந்து, சடைமுடியைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டார். வேனைத் திருப்பினார்கள். வழி முழுக்க அவர்தான் மடியில் வைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். "பெரியவரே, இந்தா வந்துட்டு. இந்தா வந்துட்டு."

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அப்பாவின் வெள்ளை ஜிப்பாவில் காளியின் கறுப்பு மை அப்பியிருந்தது. டெபோரா அதை இன்னும் துவைக்கவில்லை.

அடக்கத்தன்று எல்லோரும் சொன்னார்கள்: உபதேசியார் கடைசி மூச்சு வரைக்கும் ஜெபத்திலேயே இருந்தார் என்று. நான் தலையாட்டினேன்.

அக்டோபர் 27 – ஞாயிறு

டெபோராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "மாமாட்ட சொல்லிருந்தா, அவங்களே சிரிச்சிருப்பாங்களே?"

நவம்பர் 16 – சனி

வண்டி இல்லாமல் முடியாது. பட்டறை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்த, இதே மாதிரி வேறொரு வண்டியிலிருந்து இறக்கின பழைய என்ஜினைப் பூட்டினோம். பிரித்தெடுத்த கேமை பாய் மேசையில் வைத்திருந்தார். ஒரு மேடு இருந்த இடமே தெரியவில்லை, கூழாங்கல் மாதிரி உருண்டிருந்தது. நான் தொடவில்லை.

ஸ்டார்ட் செய்தேன். பழையபடி சாதுவாக ஓடியது. பாய் கையைத் துடைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் கைகட்டி நின்றார். எதற்கு நிற்கிறார் என்று முதலில் புரியவில்லை.

"ஜெபம் பண்ணும்வே" என்றார்.

இது ஓடிப் பழகின கேம். ஐடிலிங்கில் எவ்வளவு நேரம் விட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. பானெட்டில் கை வைத்தேன். பாய் தலை குனிந்து காத்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.